நிறுத்தச் சொன்ன தளபதி

1990ஆம் ஆண்டு நோன்பு விடுமுறையில் ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல், நான் ஒரு கட்டளைக்குக் கீழ்ப்படிந்தேன். கட்டளையிட்டவர் ஒரு படைத்தளபதி. கீழ்ப்படிந்த குற்றத்திற்காக என் மச்சான் பெருநாள் வரைக்கும் என்னோடு பேசவில்லை. அந்தத் தளபதியைப் பற்றி எழுதிவைக்க வேண்டுமென்று பலமுறை எண்ணியதுண்டு. கவிதையும் கதையும் வருகின்ற பக்கங்களில் ஒரு கணனி விளையாட்டுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்டுவிடுவார்களோ என்ற கூச்சத்தில் தள்ளிப்போட்டு வந்தேன். போன வருட விடுமுறையில் என் மகள் சொன்ன ஒரு வார்த்தைக்குப் பிறகு அந்தக் கூச்சம் போய்விட்டது.

உம்மாவின் தம்பி, மாமா, குவைத்தில் ஒரு கட்டடக் கம்பனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தார். 1988 கடைசியில் லீவில் வந்தபோது போர்வைகளுக்கும் பால்மா டின்களுக்கும் நடுவே ஒரு கணனியையும் பொதிசெய்து கொண்டுவந்திருந்தார். எங்கள் ஊருக்கு வந்த முதற் கணனி அதுதான் என்று துணிந்து சொல்லலாம். விசைப்பலகையும் உடம்பும் ஒன்றாகவே இருக்கும். தனியான திரை கிடையாது. வீட்டு டீவியில் வயரைச் செருகிவிட வேண்டியதுதான். பெயர் ஸக்ர். அரபியில் பாறை என்று பொருள்.

அதன் வரலாறு எனக்குப் பின்னாளில்தான் தெரிய வந்தது. 1983இல் ஜப்பானின் அஸ்கி கம்பனியைச் சேர்ந்த கஸுஹிகோ நிஷி, மைக்ரோசொஃப்ட்டோடு சேர்ந்து எம்எஸ்எக்ஸ் என்றொரு பொதுத் தரத்தை அறிவித்தார். சோனி, யமஹா, பிலிப்ஸ் என்று யார் செய்தாலும் ஒன்றில் ஓடுவது மற்றதிலும் ஓடவேண்டும் என்பது ஏற்பாடு. குவைத்தின் அல்-ஆலமிய்யா கம்பனி அந்த இயந்திரத்திற்கு அரபு எழுத்தைக் கற்றுக்கொடுத்து ஸக்ர் என்ற பெயரில் விற்றது. அதைத் தொடங்கிய முஹம்மது அஷ்ஷாரிக் 2024 மார்ச்சில் காலமானார் என்ற செய்தியைக் கண்டபோது, நெருங்கிய ஒருவரின் மவுத்துச் செய்தி கேட்டதுபோல் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். அரபு எழுத்துத் தெரிந்த கணனியை வீட்டுப் பிள்ளைகளின் மடியில் வைத்த மனிதர் அவர்.

அந்த எழுத்தால் எங்களுக்கு ஒரு சிக்கலும் வந்தது. விசைகளில் அலிஃப், பே, தே என்று அச்சிட்டிருப்பதைக் கண்ட உம்மம்மா அதைத் தரையில் வைக்க விடவில்லை. ஒரு மேசையைத் துடைத்து, வெள்ளைத் துணி விரித்து, அதன் மேல் வைத்தார்.

"உளூ செஞ்சிட்டுத் தொடுங்க மகன்."

"உம்மம்மா, இது விளையாடுற சாமான்."

"என்ன சாமானா இருந்தாலும் எழுத்து எழுத்துத்தான்."

ஆகவே நானும் மச்சானும் பல நாட்கள் உளூவோடு உட்கார்ந்துதான் யுத்தம் செய்தோம்.

மாமா கொண்டுவந்த விளையாட்டுத் தட்டுகள் ஆறு. தட்டு என்று நாங்கள் சொன்னது கணனியின் மேற்பக்கத் துவாரத்தில் செருகும் கறுப்புப் பெட்டிகளை. ஐந்தின் பெயர் மறந்துவிட்டது. ஆறாவது, 1987 ஜூலையில் ஜப்பானின் கொனாமி வெளியிட்ட மெட்டல் கியர்.

அந்நாளைய இராணுவ விளையாட்டுகள் எப்படியிருந்தன என்பதைச் சொல்ல வேண்டும். 1985இல் கெப்கொம் வெளியிட்ட 'கொமாண்டோ' அவற்றுக்கெல்லாம் முன்மாதிரி. ஒரு சிப்பாய் மேல்நோக்கி ஓடிக்கொண்டே இருப்பான். எதிரிகள் எறும்புபோல் வருவார்கள். சுட்டுக்கொண்டே போக வேண்டும். எத்தனை பேரைக் கொன்றோம் என்பதே புள்ளி. வீட்டுக் கணனிகள் எல்லாவற்றுக்கும் அதன் பிரதிகள் வந்தன. அதைப் பார்த்துச் செய்த குட்டிப் பிரதிகளும் வந்தன. மெட்டல் கியரையும் அப்படியொன்றாகவே எண்ணிச் செருகினோம்.

திரையில் தண்ணீர். அதற்குள்ளிருந்து ஒருவன் எழுந்து வந்தான். பெயர் சொலிட் ஸ்நேக், புதிதாகச் சேர்ந்த படைவீரன். தென்னாபிரிக்காவில் 'அவுட்டர் ஹெவன்' என்றொரு கோட்டை. அதற்குள் ஓர் அணுவாயுத இயந்திரம். அதைத் தேடிப்போன முதல் வீரன் கிரே பொக்ஸ் சிறைப்பட்டுவிட்டான். அவனைத் தேடி இவன் போகிறான். கையில் துவக்கு இல்லை. இருந்தது ஒரு பெட்டி சிகரெட்டும் ஒரு வானொலிக் கருவியும் மாத்திரம். மச்சான் பழக்க தோஷத்தில் சுடும் விசையை அமத்தினான். ஸ்நேக் வெறுங்கையால் காற்றைக் குத்தினான். முதற் காவலாளி கண்டான், தலைக்கு மேல் ஓர் ஆச்சரியக்குறி தோன்றியது, சுட்டான், முடிந்தது. அன்று மாலை வரை நாங்கள் முடிந்துகொண்டேயிருந்தோம்.

விளங்குவதற்கு மூன்று நாள் சென்றது. இது சுடுகின்ற விளையாட்டு அல்லவென்றும் ஒளிக்கின்ற விளையாட்டு என்றும் மச்சான்தான் கண்டுபிடித்தான். காவலாளிகள் தங்கள் பாதையில் போய் வருவார்கள். முகம் பார்க்கும் திசையில் ஒரு நேர்கோட்டில் மாத்திரமே அவர்களுக்குக் கண் தெரியும். கோட்டிலிருந்து ஓரடி விலகி நின்றால் பக்கத்தில் நின்றாலும் நாம் இல்லாதவர்தான். பின்னால் போய் மூன்று குத்துக் குத்தினால் சத்தமில்லாமல் விழுவான். துவக்கு கிடைத்த பிறகும் அதைச் சுட்டால் சத்தம் கேட்டு மற்றவர்கள் ஓடிவருவார்கள். தலைக்கு மேல் ஓர் ஆச்சரியக்குறி வந்தால் திரையில் நிற்பவர்களோடு தொல்லை முடியும். இரண்டு வந்தால் வெளியிலிருந்தும் ஆள் வரும். என் பத்து வயதுக்கு ஆச்சரியக்குறியின் பயனை அந்தக் காவலாளிகள்தான் கற்பித்தார்கள். இன்றும் பிள்ளைகளின் கட்டுரைகளில் இரண்டு ஆச்சரியக்குறி சேர்த்துப் போட்டிருந்தால் என் தோள் தானாகக் குனிகிறது.

ஒரு யுத்த விளையாட்டு ஏன் இப்படி ஒளித்து விளையாடுவதாயிற்று? காரணம் இலட்சியமல்ல, வறுமை. அதை ஆக்கிய ஹிடியோ கொஜிமா 1986இல் கொனாமியில் சேர்ந்தவர். மெட்டல் கியர் வெளிவந்தபோது வயது 23. யுத்த விளையாட்டொன்று செய்யும்படிதான் அவரிடம் வேலை ஒப்படைக்கப்பட்டது. ஆனால் எம்எஸ்எக்ஸ்-2 இயந்திரத்தில் ஒரே கிடைக்கோட்டில் எட்டு அசையும் உருவங்களுக்கு மேல் காட்ட முடியாது. அதற்கு மேற்பட்டவை மறைந்துபோகும். வீரனுக்குச் சில, எதிரிகளுக்குச் சில, பறக்கும் குண்டுகளுக்குச் சில என்று பங்கிட்டால், சண்டை என்று சொல்லத்தக்கதாக எதுவும் மிஞ்சாது. திரையை வழுக்காமல் பக்கவாட்டில் நகர்த்தவும் அந்த இயந்திரத்திற்கு இயலாது. ஆகவே ஒரு காட்சி முடிந்து அடுத்தது சட்டென்று வரும். நாலைந்து எதிரிகளோடு எப்படி யுத்தம் காட்டுவது? யுத்தத்தைத் தவிர்ப்பதையே விளையாட்டாக்கினார் கொஜிமா. கைதிகள் தப்பியோடும் 'த கிரேட் எஸ்கேப்' என்ற 1963ஆம் ஆண்டுத் திரைப்படம் தனக்கு வழிகாட்டியது என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

முழு விளையாட்டும் 128 கிலோபைட். காலையில் என் கைத்தொலைபேசிக்குப் பூப்படத்தோடு வரும் ஒரு ஸலாம் அதைவிடப் பெரிது. வெண்பா எழுதிப் பார்த்தவர்களுக்கு இந்தச் சங்கதி புதிதாக இராது. அடி குறைந்தால் சொல் தன் இடத்தைத் தானே தேடிக்கொள்ளும் என்பது அவர்கள் அறிந்ததுதானே.

மேலும் சில நுட்பங்கள் என்னை இன்றும் வியக்க வைக்கின்றன. கோட்டைக்குள் பணயக்கைதிகள் ஆங்காங்கே கட்டப்பட்டிருப்பார்கள். ஐந்து பேரை விடுவித்தால் ஸ்நேக்கின் தரத்தில் ஒரு நட்சத்திரம் கூடும், ஆயுட்கோடு நீளும், கூடுதலான ரவைகள் சுமக்கலாம். ஒரு கைதியைத் தவறுதலாகவேனும் கொன்றால் தரம் இறங்கும். எதிரியைக் கொல்வதால் தரம் கூடாது. ஓரிடத்தில் எதிரி ஒருவன் கைதிகளை முன்னால் நிறுத்திவிட்டுப் பின்னாலிருந்து தாக்குவான். அந்த அறையை நாங்கள் எத்தனை தடவை தோற்றோம் என்பதற்குக் கணக்கில்லை. இன்னோரிடத்தில் வேண்டுமென்றே பிடிபட வேண்டும். சாமான்களைப் பறித்துக்கொண்டு சிறையில் போட்டுவிடுவார்கள். சுவரைக் குத்திக் குத்திப் பார்த்தால் ஓரிடத்தில் சத்தம் வேறாகக் கேட்கும். அதை உடைத்தால் பக்கத்து அறையில் கிரே பொக்ஸ். பிறகு பறிபோன சாமான்களை மீட்டெடுத்து நடக்கும்போது, போகுமிடமெல்லாம் எதிரிகள் முன்கூட்டியே அறிந்து காத்திருப்பார்கள். என்னவென்று பார்த்தால், நம் பையிலேயே ஓர் ஒற்றுக்கருவியைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். மச்சான் அதைக் கண்டுபிடித்த அன்று வீட்டைச் சுற்றி இரண்டு முறை ஓடினான்.

இனித் தளபதியிடம் வருகிறேன். பெயர் பிக் பொஸ். அவர் திரையில் நடமாடுவதில்லை. வானொலியில் மாத்திரம் வருவார். அலைவரிசை 120.85. அழைப்பு வந்தால் திரையின் மேல் எழுத்து மின்னும், சிணுங்கல் கேட்கும். நான்காவது எஃப் விசையை அமத்தினால் அவர் சொல்வது எழுத்துகளாகத் தோன்றும். முகமூடி அணிந்துகொள், கண்ணிவெடி கவனம் என்று தக்க தருணத்தில் புத்தி சொல்வார். எங்களிடம் இருந்தது ஆங்கிலப் பதிப்பு. ஜப்பானியப் பதிப்பின் வானொலிச் செய்திகளில் பெரும்பகுதியை அதில் விட்டுவிட்டார்கள் என்பதைப் பின்னர் அறிந்தேன். எஞ்சியிருந்தவையும் எங்கள் ஆங்கிலத்துக்கு அதிகம்தான். மச்சான் அகராதியை வைத்துக்கொண்டு சொல் சொல்லாக வாசிப்பான். நான் கொப்பியில் எழுதுவேன். பிக் பொஸ்ஸின் புத்திமதிகள் என்று தலைப்பிட்டு ஒரு கொப்பி நிறைந்திருந்தது.

பிற்பகுதியில் அவர் சொன்ன சில காரியங்கள் பிழைத்தன. போ என்ற இடத்தில் பொறி இருந்தது. எங்கள் வாசிப்பில்தான் பிழை என்று மச்சான் அகராதியை மறுபடி புரட்டினான். அவர் சொன்னதில் பிழை இருக்கலாம் என்ற எண்ணம் எங்கள் இருவருக்கும் வரவேயில்லை. தளபதி அல்லவா!

விளையாட்டைப் பாதியில் சேமித்து வைக்கும் வசதி அதில் இருந்தது. கெசட் நாடாவில் பதிய வேண்டும். எங்களிடம் கெசட் ரேடியோ இருந்தது. இரண்டையும் இணைக்கும் வயர் இல்லை. ஆகவே விளையாட்டை இடைநிறுத்தி, டீவியை மட்டும் அணைத்து, கணனியை ஓடவிட்டுவிட்டுத்தான் தூங்கப் போவோம். உம்மம்மாவின் வெள்ளைத் துணியைச் சூடாகாதபடி பாதி விலக்கி மூடுவோம். கரண்ட் போனால் எல்லாம் போயிற்று. அந்தக் காலத்தில் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்பதை யாரும் சொல்ல முடியாது. ஒரு வருடத்துக்கும் மேலாக நாங்கள் அந்தக் கோட்டைக்குள் நுழைந்து நுழைந்து வெளியே வீசப்பட்டுக்கொண்டிருந்தோம்.

1990 நோன்பு ஏப்ரலில் வந்தது. பாடசாலை விடுமுறை. பசியை மறக்க விளையாடுகிறார்கள் என்று மாமி கண்டுகொள்ளாமல் விட்டார். புதன்கிழமை தொடங்கினோம். வியாழன் முழுவதும் கரண்ட் போகவில்லை. இரவும் போகவில்லை. வெள்ளி காலை நாங்கள் முன்னொருபோதும் காணாத இடங்களில் நின்றோம். இயந்திரத்தை அழிக்கும் வழி கையில் இருந்தது. அதை வடிவமைத்த விஞ்ஞானியின் மகளைக் காப்பாற்றிய பிறகே அவர் வாய் திறந்தார்: அதன் கால்களில் பதினாறு வெடிகுண்டுகளை, அவர் சொன்ன வலது இடது வரிசை பிசகாமல் வைக்க வேண்டும். அந்த வரிசையைக் கொப்பியின் பின்னட்டையில் இருவரும் தனித்தனியாக எழுதி வைத்திருந்தோம், ஒன்று தொலைந்தால் மற்றது இருக்கட்டும் என்று.

ஜும்ஆவுக்கு நேரமாயிற்று. நான் குளித்துவிட்டேன். மச்சான் கிணற்றடிக்குப் போனான். "தொடாத. பாத்துக்கொண்டு மட்டும் இரு" என்று சொல்லிவிட்டுப் போனான். தொடாமல் இருக்க முடியுமா? ஒரேயொரு திரை நடத்திப் பார்ப்போம் என்று தொட்டேன். ஒன்றிரண்டு திரை கடந்திருக்கும். வானொலி சிணுங்கியது.

120.85.

எனக்குத் தெரிந்த சொற்கள் அதில் இருந்தன. நடவடிக்கையை நிறுத்து. எம்எஸ்எக்ஸை உடனே அணைத்துவிடு.

ஸ்நேக்கிடம் அவர் பேசவில்லை என்பது உடனே விளங்கியது. ஸ்நேக்கிடம் எம்எஸ்எக்ஸ் ஏது? அந்த மூன்று எழுத்துகள் என் கைக்கு அடியில், பெட்டியின் மேல் அச்சிடப்பட்டிருந்தன. தளபதி கண்ணாடிக்கு அப்பாலிருந்து என்னைப் பார்த்துவிட்டார். மூன்று நாட்களாக ஓடும் இயந்திரம் வெந்துபோகப் போகிறது, மாமாவின் உழைப்பு எரியப் போகிறது, அதை அவர் முன்கூட்டியே அறிந்து சொல்கிறார் என்று நினைத்தேன். பெட்டியைத் தொட்டேன். கொதித்தது. "மச்சான்!" என்று கத்தினேன். கிணற்றுக் கப்பியின் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை.

அணைத்தேன்.

ஈரத்தலையோடு வந்த மச்சான் கறுப்புத் திரையைப் பார்த்தான். கரண்ட் போனதென்று நினைத்து மேலே பார்த்தான். காற்றாடி சுழன்றுகொண்டிருந்தது. என்னைப் பார்த்தான். நான் நடந்ததைச் சொன்னேன். அடிப்பான் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவன் அடிக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போய்விட்டான். பெருநாளன்று மாமி வட்டிலப்பத்தைக் கொடுத்தனுப்பியபோது, "இந்தா" என்றான். அதுதான் பிறகு அவன் பேசிய முதற் சொல்.

அதற்கப்பால் விளையாட்டுக்குக் காலம் இருக்கவில்லை. ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டது. எங்கள் பக்கம் கரண்ட் நின்றது. அந்த ஓகஸ்ட் கிழக்கின் முஸ்லிம்களுக்கு என்னவாக இருந்தது என்பதை இந்த வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 3ஆம் திகதி இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில்; அடுத்த வாரம் ஏறாவூரில். 2ஆம் திகதி ஈராக்கியப் படை குவைத்துக்குள் புகுந்தது. மாமா அங்கே, நாங்கள் இங்கே. மாமியின் வீட்டில் பெட்டரி ரேடியோவை வைத்துக்கொண்டு இரண்டு செய்தியையும் ஒரே நேரத்தில் கேட்டோம்.

அந்த நாட்களில் கட்டளைகள் மாத்திரமே இருந்தன. இருட்டினால் விளக்கை நூர்க்க வேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள், நூர்த்தோம். அது சரியான கட்டளை. ஒருவரும் ஊரைவிட்டுப் போக வேண்டாம், ஒன்றும் நடக்காது என்றும் சொன்னார்கள். பெரியவர்கள் தலையாட்டினார்கள். மாமி தலையாட்டவில்லை. "போன மாசமும் இப்பிடித்தான் சொன்ன" என்று மட்டும் சொன்னார். பிள்ளைகளையும் உம்மம்மாவையும் எங்கள் உம்மாவையும் கூட்டிக்கொண்டு இரவோடிரவாகப் புறப்பட்டார். வேலியோரமாகப் போகையில் தூரத்தில் டோர்ச் வெளிச்சம் இரண்டு தெரிந்தது. மச்சான் என்னை மதிலோடு அமத்திப் பிடித்தான். "அவன் பாக்கிற கோட்டில நிக்காத" என்று காதுக்குள் சொன்னான். விளையாட்டில் காவலாளிகள் நேரே மாத்திரம் பார்ப்பார்கள். டோர்ச் நாலாபக்கமும் துழாவியது. அது யாருடைய டோர்ச் என்பது எங்களுக்கு இன்றுவரை தெரியாது. நாங்கள் போய்ச் சேர்ந்தோம். மாமியின் தெருவில் தலையாட்டியவர்களில் மூன்று வீட்டார் அந்த மாதத்தைத் தாண்டவில்லை.

மாமா ஜோர்தான் வழியாக ஒரு கைப்பையோடு திரும்பினார். கணனியை வீடியோ கெசட் கடைக்காரர் ஒருவருக்கு விற்றுத்தான் அந்த வருடத்துக் கடைசி மாதங்களைச் சமாளித்தார்கள். மெட்டல் கியரும் அதோடு போயிற்று.

நான் ஆசிரியனானேன். முதலில் தொண்டராசிரியர், பிறகு நியமனம், பிறகு அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் இரண்டு வருடப் பயிற்சி. அங்கே உளவியல் பாடத்தில் ஸ்டான்லி மில்கிரம் 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நடத்திய பரிசோதனை வந்தது. அடுத்த அறையில் இருப்பவர் பிழையாக விடை சொன்னால் மின்னதிர்ச்சி கொடுக்கும்படி, ஆய்வுக்கூட மேலங்கி அணிந்த ஒருவர் சாதாரண மனிதர்களிடம் சொல்கிறார். அதிர்ச்சி பொய், அலறலும் நடிப்பு. ஆனால் விசையை அமத்துபவருக்கு அது தெரியாது. 40 பேரில் 26 பேர் கடைசி விசையான 450 வோல்ட் வரைக்கும் போனார்கள். வகுப்பில் எல்லோரும் "ச்சே" என்றார்கள். நான் சொல்லவில்லை. நாற்பது பேரில் நான் எங்கே நின்றிருப்பேன் என்பது எனக்கு அந்த நோன்பிலேயே தெரிந்துபோயிருந்தது. இந்தப் பாடத்தைப் படித்துவிட்டு வகுப்பறைக்குப் போன நானும் இருபது வருடமாகச் செய்துவருவது என்ன? கையைக் கட்டு, வாயைப் பொத்து, சொன்னதைச் செய். அமைதியான வகுப்பு என்று அதிபர்மார் என்னைப் பாராட்டியிருக்கிறார்கள்.

பாடசாலைக்கு இணையம் வந்த பின்னர் ஒரு நாள் அந்த விளையாட்டின் முடிவைத் தேடி வாசித்தேன். எதிரிக் கோட்டையின் தலைவரே பிக் பொஸ்தான். அனுபவமில்லாத புதியவனை அனுப்பினால் அவன் பிடிபடுவான், பொய்த் தகவலோடு திரும்புவான் என்று கணக்குப் போட்டு அனுப்பியிருக்கிறார். அவன் கோட்டையின் அடிவரைக்கும் வந்துவிட்டான் என்று கண்டதும் கடைசி ஆயுதத்தை எடுக்கிறார். குண்டு, நாய், பொறி எதனாலும் தடுக்க முடியாதவனை, இயந்திரத்தை அணை என்ற ஒரு வரியால் தடுத்துப் பார்க்கிறார். உலகத்தில் எத்தனை பிள்ளைகள் என்னைப்போல் உண்மையாகவே அணைத்தார்களோ! மச்சானுக்கு இதைச் சொல்லவில்லை. முதலில் வெட்கம். பிறகு அவன் கட்டார் போய்விட்டான். குடும்பம், கடன், பிள்ளைகளின் படிப்பு என்று பேசுவதற்கு வேறு எவ்வளவோ இருந்தது.

2023 ஒக்டோபரில் கொனாமி பழைய மெட்டல் கியர் விளையாட்டுகளைத் தொகுத்து வெளியிட்டது. எம்எஸ்எக்ஸில் வந்த அதே விளையாட்டு அதற்குள் இருக்கிறது. என் தங்கையின் மகன் கொழும்பில் படிக்கிறான். போன வருடம் விடுமுறையில் வந்தபோது தன் மடிக்கணனியில் அதைக் காட்டினான். தண்ணீருக்குள்ளிருந்து அதே ஆள் எழுந்து வந்தான். எனக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று. மருமகனுக்கு அது சலித்துவிட்டது. "இது என்ன மாமா, ஆளையும் தெரியல்ல, ஆயுதத்தையும் தெரியல்ல" என்று போய்விட்டான். ஆனால் ஆறாம் தரம் படிக்கும் என் மகள் பக்கத்தில் உட்கார்ந்தவள் எழும்பவில்லை.

அவளை விளையாட விட்டு நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. காவலாளியின் கோட்டை அவள் அரை மணித்தியாலத்தில் கண்டுகொண்டாள். நாங்கள் மூன்று நாள் எடுத்தோம். பையிலிருந்த ஒற்றுக்கருவியை உடனே கண்டுபிடித்து வீசினாள். வானொலிச் செய்திகளை அவளும் ஒரு தாளில் குறித்தாள். ஆனால் என் கொப்பியில் இல்லாத ஒன்று அந்தத் தாளில் இருந்தது. ஒவ்வொரு புத்திமதிக்கும் எதிரே, அதன்படி செய்து பார்த்த பிறகு, ஒரு சரி அல்லது ஒரு பிழை போட்டிருந்தாள். ஏனென்று கேட்டேன். "நீங்க எங்கட கொப்பிக்குப் போடுறதுதானே" என்றாள்.

நான்காம் நாள் அந்தச் சிணுங்கல் கேட்டது. நான் கதிரையை அவள் பக்கம் இழுத்துக்கொண்டேன். அவள் வாசித்தாள். ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் முகத்தை எப்படி வைத்திருந்தேனோ தெரியாது. தாளைக் கையில் எடுத்து, மேலிருந்து கீழாக விரலை ஓட்டினாள். கடைசிப் பகுதியில் வரிசையாகப் பிழைகள்.

"இவர் முன்னயும் பொய்தானே வாப்பா சொன்னவர்."

தாளை வைத்துவிட்டு விளையாடிக்கொண்டே போனாள்.

பதினாறு குண்டுகளையும் வரிசைப்படி வைத்தாள். தளபதியைச் சந்தித்தாள். கோட்டை வெடிப்பதற்குள் ஏணி பிடித்து வெளியே வந்தாள். நான் காணாத முடிவை, உம்மம்மா இல்லாத வீட்டில், அரபு எழுத்து இல்லாத விசைப்பலகையில் பார்த்து முடித்தோம்.

அன்றிரவு தோஹாவுக்கு எடுத்தேன். மச்சானுக்கு இப்போது 49. லொறி ஓட்டிக் களைத்து வந்திருந்தான். மகள் என்ன விளையாடினாள் என்று சொன்னேன். நீண்ட நேரம் சத்தமில்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"ஓஃப் பண்ணல்லியே?"

"இல்ல."

"அப்ப முடிச்சிட்டாளா?"

"முடிச்சிட்டாள். அந்தத் தளபதி இருக்காரே மச்சான், அவர்..."

"டேய், சொல்லாத" என்றான். "மார்கழில லீவு இருக்கு. வந்து நானே பாக்கிறன்."